வாசகர் கேள்வி – பதில்: பீரைப் பாட்டிலில் அடைக்கும் முன்பும் பின்பும்

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் அனுப்பியுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, நொதித்தல் முடிந்த பின் வரும் பாட்டில் வேலையைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை எடுத்துக்கொண்டு இங்கே விடையளிக்கிறேன். மூடியிட்ட பாட்டிலுக்குள் சிறிய அளவில் இரண்டாவது நொதித்தல் ஒன்று நடக்கிறது. எவ்வளவு சர்க்கரையுடன் பாட்டிலை மூடுகிறோம் என்பதைத் துல்லியமாக அறிந்து மூடினால் பீர் நன்றாக அமையும். அறியாமல் மூடினால், சுவை கெடுவதோடு உடலுக்கும் ஆபத்து நேரலாம். வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வாழும், வயது வந்த வாசகர்களுக்காகவே இப்பதில்கள் எழுதப்படுகின்றன.

கேள்வி: ஈஸ்ட் இட்டுப் பத்து நாள்கள் ஆகிவிட்டன. ஏர்லாக்கில் (கலத்தின் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பில்) குமிழி வருவதும் நின்றுவிட்டது. செய்முறைக் குறிப்பிலும் பத்து நாள் என்றே இருக்கிறது. இப்போது பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: ஹைட்ரோமீட்டரில் (சர்க்கரை நொதிக்க நொதிக்கக் குறையும் பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியில்) பார்க்காமல் அடைக்க வேண்டாம். ஏர்லாக்கில் குமிழி வருவதையும் நிற்பதையும் நான் ஒரு சான்றாகவே கொள்வதில்லை. கலத்தின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால், நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதுகூட வாயு வேறு வழியாக வெளியேறிவிடும், குமிழி தோன்றாது. நொதித்தல் முடிந்துவிட்ட பிறகும், அறையின் வெப்பநிலை ஏறினாலோ வளிமண்டல அழுத்தம் குறைந்தாலோ, பீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிவந்து குமிழிகள் தோன்றும். ஆகவே குமிழி இரு திசையிலும் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லக் கூடியது. பத்து நாள் என்ற கணக்கும் அப்படித்தான். அது குறிப்பை எழுதியவரின் ஈஸ்ட்டுக்கும் அவருடைய அறையின் வெப்பத்துக்கும் பொருந்தியதாக இருக்கலாம்.

சுத்தம் செய்த குழாயால் சிறிதளவு பீரை எடுத்து, இரண்டு குவளைகளுக்கு இடையே பலமுறை மாற்றி ஊற்றி, கரைந்துள்ள வாயுவைப் போக்குங்கள். வாயு இருந்தால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கி, அடர்த்தி உண்மையைவிட அதிகமாக இருப்பதுபோல் காட்டும். இன்றைய ஹைட்ரோமீட்டர்களில் பல 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரியில் உள்ள பீரில் பார்த்தால் 0.002 முதல் 0.003 வரை குறைவாகக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பார்த்த எண்ணைக் குறித்துவைத்து, இரண்டு மூன்று நாள்கள் கழித்து மீண்டும் பாருங்கள். இரு எண்களும் ஒன்றாக இருந்து, அது உங்கள் ஈஸ்ட்டிடம் எதிர்பார்த்த இறுதி அடர்த்திக்கு அருகிலும் இருந்தால் நொதித்தல் முடிந்துவிட்டது. நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், 1.050 என்ற அடர்த்தியில் தொடங்கிய சாதாரண ஏல் வகை பீர், 1.010 முதல் 1.014 வரையான இடத்தில் நிற்பது இயல்பு. ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆல்கஹால் சேர்ந்த பிறகு அக்கருவி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, உரிய திருத்தக் கணக்குக்கு உட்படுத்த வேண்டும்.

எண் மாறாமல் நிற்பது மட்டும் போதாது என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. ஈஸ்ட் குளிரால் சோர்ந்து பாதியிலேயே நின்றுவிட்டாலும் எண் மாறாமல்தான் இருக்கும். 1.010 வரை இறங்க வேண்டிய பீர் 1.016-இல் நின்றிருக்க, அதை அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடர்த்தியில் 0.001 குறையும்போது, ஒவ்வொரு லிட்டர் பீரிலும் சுமார் அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. எஞ்சியுள்ள 0.006-உம் பாட்டிலுக்குள் நொதித்தால், நீங்கள் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் வாயுவோடு லிட்டருக்கு மேலும் மூன்று லிட்டர் வாயு சேரும். சாதாரண பீர் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதன்று.

ஐயம் தீராவிட்டால், கலத்திலிருந்து 200 மில்லிலிட்டர் அளவு பீரைத் தனியே எடுத்து, அதில் ஒரு சிட்டிகை புதிய ஈஸ்ட் இட்டு, 25 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் வைத்து அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள்களில் அந்தச் சிறு அளவு தன் எல்லை வரை நொதித்துவிடும். அதன் அடர்த்தியும் பெரிய கலத்தின் அடர்த்தியும் ஒன்றாக இருந்தால் அச்சமின்றி அடைக்கலாம். சிறியது மேலும் இறங்கியிருந்தால், கலத்தைச் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

நொதித்தலின் முடிவில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) சேர்ப்பவர்கள் இன்னும் சில நாள்கள் பொறுக்க வேண்டும். கொதிக்க வைக்காத ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட்டால் உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின்களை உண்ணத்தக்க சர்க்கரையாக உடைக்கின்றன. அதனால் நின்றுபோன நொதித்தல் மீண்டும் தொடங்குகிறது. பிரவுன், மோரிஸ் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1893-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியுள்ளனர். ஹாப்ஸ் சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவை வைத்துக்கொண்டு பாட்டிலில் அடைக்காதீர்கள். சேர்த்த பின் மீண்டும் இரு முறை அளந்து பாருங்கள்.

கேள்வி: பாட்டிலில் அடைக்கும்போது எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது? ஒவ்வொருவர் ஒவ்வோர் அளவைச் சொல்கிறார்கள். கணக்கிடும் முறையை விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஒவ்வொருவரும் வேறு அளவைச் சொல்வதற்குக் காரணம், அவரவர் பீரின் வகையும் வெப்பநிலையும் வேறு என்பதே. மூன்று செய்திகள் தெரிந்தால் அளவை நீங்களே கண்டுவிடலாம்: எவ்வளவு வாயு வேண்டும், ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது, மொத்தம் எத்தனை லிட்டர் பீர் இருக்கிறது.

பீரில் உள்ள வாயுவை மடங்காகக் கூறுவது வழக்கம். ஒரு லிட்டர் பீரில் இரண்டு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அது இரண்டு மடங்கு. பிரிட்டிஷ் ஏல் வகைகளுக்கு 1.5 முதல் 2 மடங்கு வரை போதும். அமெரிக்க ஏல், லாகர் போன்றவற்றுக்கு 2.2 முதல் 2.7 வரை பொருந்தும். ஜெர்மானியக் கோதுமை பீருக்கு மூன்று மடங்குக்கும் மேல் தேவைப்படும். அதற்குக் கனமான பாட்டில்கள் இல்லாதவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் வாயு. நொதித்து முடிந்த பீரில் எப்போதும் ஓரளவு வாயு எஞ்சியிருக்கும். அந்த அளவை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் சுமார் 0.85 மடங்கும், 25 டிகிரியில் சுமார் 0.75 மடங்கும், 12 டிகிரியில் சுமார் 1.1 மடங்கும் இருக்கும். நொதித்தல் முடிந்த பிறகு பீர் அடைந்த மிக உயர்ந்த வெப்பநிலையையே இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் பீரைத் தெளிய வைப்பதற்காக 4 டிகிரிக்குக் குளிரூட்டிவிட்டு, அந்த நாலு டிகிரியையே கணக்கில் இடுகிறார்கள். வெதுவெதுப்பாக இருந்தபோது வெளியேறிய வாயு, குளிரூட்டுவதால் திரும்பி வந்துவிடாது. ஆகவே அவர்கள் சேர்க்கும் சர்க்கரை குறைந்து, பீர் சப்பென்று போகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ ஒரு மடங்கு வாயு கிடைக்கும். 20 டிகிரியில் நொதித்த 20 லிட்டர் பீருக்கு 2.4 மடங்கு வாயு வேண்டுமானால், 2.4-லிருந்து 0.85-ஐக் கழிக்க 1.55 வரும், அதை 4-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 6.2 கிராம், இருபது லிட்டருக்கு 124 கிராம். அதே பீர் 25 டிகிரி வரை சென்றிருந்தால் 132 கிராம் தேவைப்படும். கடைகளில் டெக்ஸ்ட்ரோஸ் என்று கிடைக்கும் குளுக்கோஸ் தூளில் ஓரளவு நீர் கலந்திருப்பதால், வெள்ளைச் சர்க்கரையைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக, அதாவது 124 கிராமுக்கு மாற்றாக ஏறக்குறைய 140 கிராம் எடுக்க வேண்டும். தேன், வெல்லப்பாகு, மால்ட் தூள் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம் என்றாலும், அவற்றில் நொதிக்கக்கூடிய பகுதி ஒவ்வொரு முறையும் மாறுபடும். இவ்வளவு சிறிய அளவில் அவற்றின் சுவை பீரில் தெரிவதும் அரிது. புதியவர்கள் வெள்ளைச் சர்க்கரையோடு நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

கரண்டிக் கணக்கை விட்டுவிடுங்கள். சர்க்கரையின் மணி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து ஒரு கரண்டியின் எடை மாறும். எனவே எடைபோடும் கருவியையே பயன்படுத்த வேண்டும். லிட்டர் கணக்கிலும் கவனம் தேவை. செய்முறையில் 20 லிட்டர் என்று இருந்தாலும், வண்டலிலும் ஹாப்ஸிலும் போனது போக 16 லிட்டர் மட்டுமே உங்கள் கையில் மிஞ்சக்கூடும். அப்போது 124 கிராமையும் கொட்டினால் 2.4 மடங்கு என்பது 2.8 ஆகிவிடும். வண்டலை விட்டுப் பிரித்த பிறகு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பதைக் கலத்தின் வெளிப்புறக் கோடுகளிலிருந்து மதிப்பிட்டு, அதற்கே சர்க்கரையை நிறுத்தெடுங்கள்.

கேள்வி: சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் தனித்தனியே போடுவதா, மொத்தமாகக் கலப்பதா?

பதில்: மொத்தமாகக் கலப்பதையே பரிந்துரைக்கிறேன். நிறுத்தெடுத்த சர்க்கரையை 300 மில்லிலிட்டர் நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். குழாய் பொருத்திய சுத்தமான வாளியின் அடியில் இந்தப் பாகை முதலில் ஊற்றி, பீரை அதன் மேல் இறக்குங்கள். சைஃபன் குழாயின் நுனி வாளியின் சுவரை ஒட்டி வளைந்து கிடந்தால், பீர் சுழன்றுகொண்டே நிரம்பிப் பாகோடு தானாகக் கலக்கும். பிறகு சுத்தமான நீண்ட கரண்டியால் மிக மெதுவாக ஒருமுறை கிளறிவிட்டால் போதும். இந்தக் கிளறலை விட்டுவிட்டால் அடர்ந்த பாகு அடியிலேயே தங்கி, முதலில் நிரம்பும் பாட்டில்களில் வாயு மிகுந்தும், கடைசிப் பாட்டில்களில் குறைந்தும் போவதுண்டு. நான்கைந்து பாட்டில் மட்டுமே நிரப்புபவர்கள், ஒரே எடையில் செய்த சர்க்கரை வில்லைகளைப் பாட்டிலுக்கு ஒன்றாகப் போடலாம்.

கேள்வி: எந்தப் பாட்டில்களைப் பயன்படுத்தலாம்? ஊறுகாய் ஜாடி, பழச்சாறு பாட்டில், திருகு மூடி கொண்ட பாட்டில் ஆகியவை என்னிடம் நிறைய உள்ளன.

பதில்: ஊறுகாய் ஜாடியையும் பழச்சாறு பாட்டிலையும் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள். 2.4 மடங்கு வாயு கொண்ட பீர் 20 டிகிரியில் இருக்கும்போது, பாட்டிலின் உள்ளே வெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ 1.8 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட இது சற்றுத்தான் குறைவு. வாயு இல்லாத பானங்களுக்காகச் செய்த கண்ணாடி அதைத் தாங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. சதுர வடிவப் பாட்டில்கள் இன்னும் ஆபத்தானவை. அழுத்தம் அவற்றின் மூலைகளில் குவிகிறது.

பீர் விற்கப்பட்ட, நெம்பித் திறக்கும் மூடி கொண்ட, கனமான பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில்களே சிறந்தவை. திருகித் திறக்கும் பாட்டில்களின் வாயில் உள்ள மரையின் மீது, வீட்டில் பயன்படுத்தும் மூடி அழுத்தும் கருவியால் காற்றுப்புகாமல் மூடி பதிப்பது எளிதன்று. கம்பிப் பிடியும் ரப்பர் வளையமும் கொண்ட பாட்டில்கள் நன்றாகவே உழைக்கும்; ரப்பர் விறைத்துப்போனால் உடனே மாற்ற வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, விளிம்பில் சில்லு பெயர்ந்ததையும் உடலில் கீறல் விழுந்ததையும் கழித்துவிடுங்கள்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள், பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃப்ளேவின் துணையோடு, ஒளி பட்டதும் சிதைந்து கந்தகம் கொண்ட ஒரு சேர்மமாக மாறுகின்றன. மிக மிகச் சிறிய அளவிலேயே அதன் துர்நாற்றம் மூக்குக்கு எட்டிவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த மாற்றத்தைத் தூண்டும் ஒளியைப் பெரும்பாலும் தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி மிகக் குறைவாகவே தடுக்கிறது. நிறமற்றது தடுப்பதே இல்லை. நிறமற்ற பாட்டில்கள்தாம் இருக்கின்றன என்றால், அட்டைப்பெட்டியில் மூடி இருட்டில் வையுங்கள்.

இன்று நாம் பயன்படுத்தும் பற்களுள்ள தகர மூடிக்கு வில்லியம் பெயின்டர் என்ற அமெரிக்கர் 1892-இல் காப்புரிமை பெற்றார். வழக்கமான மூடி 26 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஷாம்பெயின் பாட்டில்கள் சிலவற்றுக்கும் ஐரோப்பிய பீர் பாட்டில்கள் சிலவற்றுக்கும் 29 மில்லிமீட்டர் மூடி தேவைப்படும். மூடிகளை வாங்கும் முன் பாட்டிலின் வாயை அளந்து பாருங்கள். அழுத்திய பின் மூடியை விரலால் திருகினால் அது சுழலக் கூடாது.

கேள்வி: பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தே பயன்படுத்தினேன். இருந்தும் பீரில் மருந்து வாடை வீசுகிறது. ஏன்?

பதில்: வாடை பெரும்பாலும் அந்தக் கரைசலிலிருந்தே வந்திருக்கும். பாட்டிலில் தங்கிய குளோரின், பீரில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களோடு கூடிக் குளோரோஃபீனால்களை உண்டாக்குகிறது. காயத்துக்குப் போடும் கட்டுத்துணியின் வாடை போலத் தோன்றும் இது, எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் போகாது. காட்டு ஈஸ்ட் புகுந்தாலும் இதையொத்த வாடை வரக்கூடும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது குளோரினையே முதலில் ஐயுறுகிறேன். பிளீச்சிங் கரைசலை எந்த அமிலத்தோடும் கலந்துவிடக் கூடாது என்பதையும் இவ்விடத்தில் கூற வேண்டும். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

அழுக்கு நீக்குவதும் கிருமி நீக்குவதும் இரு தனி வேலைகள். முதலாவது முடியாமல் இரண்டாவது பயன் தராது. உள்ளே காய்ந்து ஒட்டிய ஈஸ்ட் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமிகளைக் கிருமிநாசினி எட்டாது. சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, நீண்ட தூரிகையால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். மணமுள்ள சோப்பைத் தவிர்ப்பது நல்லது. எஞ்சும் படலம் நுரையைக் கெடுக்கும். பிறகு, பாட்டிலில் அடைக்கும் அன்றே கிருமி நீக்குங்கள். பீர் தயாரிப்போருக்கென்றே விற்கப்படும் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த கரைசலோ, பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின் இருக்கும்படி கலந்த அயோடோஃபோர் கரைசலோ இரண்டு நிமிடம் பட்டால் போதும். குறிப்பிட்ட அளவில் கலந்திருந்தால், வடியவிட்டு, அலசாமலே நிரப்பலாம். மூடிகள், குழாய்கள், வாளியின் திறப்புக் குழாய் ஆகியவற்றையும் மறந்துவிடாதீர்கள். திறப்புக் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தவர்கள், அங்கே எவ்வளவு அழுக்கு சேர்கிறது என்பதை அறிவார்கள்.

கேள்வி: பாட்டிலில் அடைத்த ஒரு மாதத்தில் என் பீர் நிறம் மங்கி, நனைந்த அட்டைப்பெட்டி போன்ற சுவை கொள்கிறது. கலத்திலிருந்து சுவைத்தபோது நன்றாகத்தான் இருந்தது.

பதில்: இது ஆக்சிஜனின் வேலை. நொதித்தல் தொடங்கும்போது ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை. நொதித்தல் முடிந்த பிறகு அதே ஆக்சிஜன் பீருக்குப் பகை. நீங்கள் கூறும் அட்டைச் சுவைக்கும் நிற மாற்றத்துக்கும் அதுவே காரணம். ஹாப்ஸின் நறுமணம் அதற்கும் முன்பே மறையத் தொடங்கிவிடும். ஹாப்ஸ் மிகுந்த வெளிர் நிற ஏல் வகைகளில்தான் இந்த இழப்பு மிக வேகமாகவும் மிகத் தெளிவாகவும் தெரிகிறது.

பாட்டிலுக்குள் நொதிக்கும் ஈஸ்ட் ஓரளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் தாங்குதிறனை நம்பிப் பீரைத் தெறிக்கவிட்டு ஊற்றக் கூடாது. ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது குழாயின் நுனி எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியே இருக்கட்டும். குழாயில் காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் கண்டால் இணைப்பை இறுக்குங்கள். சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். அது கிருமிக்கு வழி. குழாயைக் கிருமிநாசினிக் கரைசலால் நிரப்பி, அதை வேறொரு பாத்திரத்தில் வடியவிட்டுத் தொடங்கலாம்.

பாட்டிலை நிரப்புவதற்கு, அடியில் அழுத்தினால் திறந்து, எடுத்தால் மூடிக்கொள்ளும் வால்வு பொருத்திய குச்சிக் குழாய் ஒன்று விற்கப்படுகிறது. வீட்டில் பீர் தயாரிப்பவர் வாங்கும் சிறு கருவிகளில் இதைவிடப் பயனுள்ளதை நான் கண்டதில்லை. பாட்டிலின் அடியிலிருந்து பீர் அமைதியாக மேலேறுகிறது. விளிம்பு வரை நிரப்பிக் குச்சியை வெளியே எடுத்ததும், மூடியின் கீழ் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி தானாக அமைகிறது. இந்த இடைவெளியை அதிகமாக்கினால் அதில் தங்கும் காற்று பீரைக் கெடுக்கும். நிரப்பிய உடன் மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு, சில பாட்டில்கள் சேர்ந்ததும் அழுத்துங்கள். திறந்தபடி வரிசையில் காத்திருக்க விட வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரம் ஆகியும் பாட்டிலில் வாயுவே ஏறவில்லை. மூடியைத் திறந்து மேலும் சர்க்கரை போடலாமா?

பதில்: உடனே போடாதீர்கள். முதலில் பாட்டில்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். 20 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் சாதாரண பீருக்கு இரண்டு வாரம் போதும்; 15 டிகிரிக்குக் கீழே ஏல் ஈஸ்ட் பெரும்பாலும் உறங்கிவிடும். வெதுவெதுப்பான இருண்ட இடத்துக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டிலையும் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் உள்ள ஈஸ்ட்டை எழுப்பி, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். கவிழ்க்கும்போது மூடியோரம் ஈரம் கசிந்தால், குறை மூடி அழுத்தியதில் இருக்கிறது.

எட்டு ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரோ, பல மாதங்கள் கலத்திலேயே முதிர்ந்த பீரோ ஆனால், எஞ்சிய ஈஸ்ட் களைத்திருக்கும். அவ்வகை பீரை அடைக்கும்போதே 20 லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உலர் ஈஸ்ட்டைச் சேர்த்துவிடுவது நல்லது. சில நாள் குளிரூட்டித் தெளியவைத்த சாதாரண பீருக்கு அது தேவையில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பீரிலும் போதுமான ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கிறது.

சர்க்கரை சேர்க்கவே இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, திறந்து அளவாகச் சேர்த்து மீண்டும் மூடுங்கள்.

கேள்வி: நேற்று அலமாரியில் ஒரு பாட்டில் வெடித்துவிட்டது. இன்னும் முப்பது பாட்டில்கள் அதே அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் குழந்தைகளும் உண்டு. என்ன செய்வது?

பதில்: முதலில் குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். நீங்களும் வெறுங்கையோடு அலமாரியைத் திறக்க வேண்டாம். முகம் முழுவதையும் மறைக்கும் காப்புக் கவசம், தடித்த தோல் கையுறை, நீண்ட கைச்சட்டை, மூடிய காலணி ஆகியவற்றை அணிந்துகொண்டு, பாட்டில்களின் மேல் கனமான போர்வையைப் போட்டுவிட்டு, அதன் பிறகே எதையும் தொடுங்கள். வெடித்த பாட்டிலின் சில்லு மற்றவற்றைக் கீறியிருக்கலாம் என்பதால், நலமாகத் தோன்றும் பாட்டிலையும் நம்ப வேண்டாம்.

அடுத்து, குளிரூட்டுங்கள். குளிர்ந்த பீர் அதிக வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறங்கினால், வாயு மிகுந்த பாட்டிலின் உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். ஈஸ்ட்டும் வேலையை நிறுத்தும். மூடியுள்ள உறுதியான பெட்டியில் வைத்து, பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் நகர்த்தி, ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். பிறகு, அதே காப்புகளை அணிந்துகொண்டு, பாட்டிலைத் துணியால் சுற்றிப் பிடித்து, திறப்பானால் மூடியின் ஒரு விளிம்பை மட்டும் மெல்லத் தூக்கி வாயுவைச் சீறவிடுங்கள்.

இப்போது காரணத்தைக் கண்டறிய வேண்டும். திறந்த பாட்டிலைச் சுவைத்துப் பாருங்கள். வாயுவைப் போக்கி ஹைட்ரோமீட்டரிலும் அளந்து பாருங்கள். அடைத்த நாளன்று இருந்த அளவைவிட அடர்த்தி தெளிவாகக் குறைந்திருந்து, சுவை கெடாமல் இருந்தால், நொதித்தல் முடியும் முன் அடைத்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். அடர்த்தி மாறாமல் வாயு மட்டும் மிகுந்திருந்தால், சர்க்கரை கூடிவிட்டது அல்லது சரியாகக் கலக்கவில்லை. இவ்விரு நிலைகளிலும், எல்லாப் பாட்டில்களையும் குளிர்ந்த நிலையில் திறந்து வாயுவை வெளியேற்றி, புதிய மூடியிட்டுக் குளிரிலேயே வைத்து விரைவில் குடித்துவிடலாம்.

பாட்டிலின் கழுத்தில் பீரின் மட்டத்தை ஒட்டி வளையம்போல் படலம் தோன்றியிருந்தாலோ, புளிப்போ மருந்து வாடையோ இருந்தாலோ, வெளிக் கிருமி புகுந்திருக்கிறது. காட்டு ஈஸ்ட் வகைகள் சில, சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்களையும் உண்ணும். பீர் ஈஸ்ட்டின் நெருங்கிய உறவான டயஸ்டாட்டிகஸ் என்ற வகை, தானே ஒரு நொதியைச் சுரந்து அவற்றைச் சர்க்கரையாக உடைத்து மாதக்கணக்கில் நொதித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட பாட்டில்களை வாயு போக்கி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அழுத்தம் மீண்டும் ஏறும். முப்பது பாட்டில்களையும் குளிர்ந்த நிலையிலேயே திறந்து கொட்டிவிடுங்கள். உழைப்பு வீணாகும் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கண்ணாடிச் சில்லு கண்ணில் பாய்ந்தால் நேரும் இழப்பை எதைக் கொண்டும் ஈடுசெய்ய இயலாது. பிளாஸ்டிக் குழாய்களையும் வாளியின் திறப்புக் குழாயையும் மாற்றிய பிறகே அடுத்த பீரைத் தொடங்குங்கள்.

இனி ஒவ்வொரு முறையும், சோடா விற்கப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையும் கண்ணாடிப் பாட்டில்களோடு சேர்த்து நிரப்புங்கள். விரலால் அழுத்தினால், முதலில் நெகிழும் அது நாளடைவில் விறைப்பாகிவிடும். எல்லாப் பாட்டில்களிலும் வாயு ஏறிவிட்டதை, ஒன்றையும் திறக்காமலே இதைக் கொண்டு அறியலாம். அது கல்லைப்போல் இறுகி, அடிப்பக்கம் உப்பத் தொடங்கினால், கண்ணாடிப் பாட்டில்களை உடனே குளிரூட்ட வேண்டும் என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில், தரைமட்டத்தில், ஆட்கள் நடமாடாத இடத்தில் வைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டிலின் அடியில் படியும் வண்டலைக் குடித்தால் தீங்கு உண்டா?

பதில்: அது பெரும்பாலும் ஈஸ்ட்தான், நஞ்சன்று. சிலருக்கு வயிற்றில் வாயுத் தொல்லை தரலாம். பீரின் சுவையையும் சற்று மங்கச் செய்யும். பாட்டிலை நிமிர்த்தியே வைத்து, குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வண்டல் இறுகிப் படியும், வாயுவும் பீரில் நன்றாகக் கரையும். சாய்த்த கண்ணாடிக் குவளையில் ஒரே வீச்சாக, நடுவில் பாட்டிலை நிமிர்த்தாமல் ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். கோதுமை பீர் குடிப்பவர்கள் மட்டும், அந்த வண்டலையும் சுழற்றி விரும்பியே சேர்த்துக்கொள்வார்கள். ஊற்றி முடித்த உடனே பாட்டிலை வெந்நீரால் இருமுறை அலசிக் கவிழ்த்துவையுங்கள். ஈஸ்ட் காய்ந்து ஒட்டிவிட்டால் தூரிகைக்கும் எளிதில் வராது.